உள்ளே விட வேண்டிய துணி

துப்பாக்கி காட்டி நகைக்கடையைக் கொள்ளையடித்த தம்பி, சிறைச் சட்டையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். இந்தப் பக்கம் தையற்கார அக்கா. கழுத்தில் கழற்ற மறந்த அளவு நாடா. தீர்ப்பு வந்ததிலிருந்து, "அப்பீல்ல அடுத்த மாசமே வந்துடுவான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறாள். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வந்தவள், தடுப்போரம் பேசுவதற்கு வைத்திருக்கும் போனை எடுத்ததும், "காலர் ஏன்டா கோணிக்கிட்டு நிக்குது? எந்தப் புண்ணியவான் தைச்சான்?" என்கிறாள். "நான்தான்க்கா. இங்க தையல்லதான் போட்டிருக்காங்க." எவ்வளவு கெஞ்சியும் மெஷின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், இப்போது எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறான். ஓரத்தில் நிற்கும் காவலர் தன் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். "பின்னாடி பிரிச்சு விட உள்ளே துணி விட்டியா?" "இல்லக்கா." அவள் நாடாவை உருவி, கண்ணாடிமேல் விரித்து, அவன் தோளை அளக்கிறாள். "மடையா, உடம்பு இப்படியேவா இருக்கும்? பன்னிரண்டு வருஷம் போடணும்டா!"