மூன்றாவது பாட்டுக்கு அர்த்தம்

"மூணு பாட்டுக்கும் முதல்ல அர்த்தம் சொல்லுங்க. அப்புறம் வாசிக்கலாம்" என்றார் மாதவின் அப்பா ஆனந்தகிருஷ்ணன்.

வீட்டு நிலவறையில் கிட்டாரைத் தோளில் மாட்டி நின்ற மாதவ் பல்லைக் கடித்துக்கொண்டான். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜென்சி குச்சிகளை மடியில் வைத்தாள்.

பள்ளி விழாவுக்கு இன்னும் ஒரு வாரம்தான். மேடையில் இருவரும் ஜப்பானிய ராக் பாட்டுகள் பாடப் போகிறார்கள். ஆசிரியை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அர்த்தம் கேட்டு, சரி என்று எனக்குச் சொல்ல வேண்டும்."

ஜென்சியின் அம்மா வேலை முடிந்து வர நேரமாகும். மாதவின் அம்மா அலமு, "எனக்கு எதுக்குடா? அப்பாகிட்டயே கேளு" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதுதான் சிக்கல். அப்பாவும் பிள்ளையும் சரியாகப் பேசி வெகுநாள் ஆகிறது. மாதவுக்கு இசை படிக்க ஆசை. "அறிவியல்தான்" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் "ம்", "வேணாம்" இரண்டும்தான் மாதவின் பேச்சு. சாப்பிட்டதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டாரோடு ஜப்பான் பாட்டுகளைக் கத்துவான்.

"நீ சொல்லும்மா ஜென்சி. எதுக்கு ஜப்பான் பாட்டு?"

"பள்ளிக்கூடத்தில எல்லாரும் ஜப்பான் கார்ட்டூன் பாத்துப் பாத்து அந்தப் பாட்டுகளைப் பாடமாக்கி வச்சிருக்கினம் அங்கிள். போன வருசம் நாங்கள் இங்கிலிஷ் பாட்டுத்தான் பாடினனாங்கள். ரெண்டாவது பாட்டுக்கே சனம் எழும்பி பூட்டின் கிழங்குப் பொரியல் சாப்பிடப் போயிட்டுது."

"அப்ப யார்தான் கேட்டா?"

"எங்கட அம்மாவும் மைக்செட்காரரும்."

ஆனந்தகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "சரி, சொல்லு" என்று மகனைப் பார்த்தார்.

"முதல் பாட்டு, வாணவேடிக்கை பாக்கப் போற நண்பர்களைப் பத்தினது. ரெண்டாவது, தோத்தாலும் எழுந்து ஓடற ஒரு பையனைப் பத்தி."

"நல்லது. மூணாவது?"

மாதவும் ஜென்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவதுதான் கூட்டத்தை எழுப்பப் போகிற பாட்டு. அது இல்லையென்றால் மேடை ஏறுவதே வீண். ஆனால் அதில் வருகிற வரி இது: 'அப்பா, நீ போட்ட கோட்டில் இனி நடக்க மாட்டேன். கதவைத் திற, இல்லையென்றால் உடைத்துக்கொண்டு போவேன்.'

மாதவ் தொண்டையைச் செருமினான்.

"இதுவும் நல்ல பாட்டுதான். ஒரு பையன் அவனோட அப்பாவைப் பத்திப் பாடறான். ‘அப்பா, நீங்க காட்டின வழியில சந்தோஷமா நடக்கறேன். எனக்காக எல்லாக் கதவும் திறந்திருக்கு’ங்கறான்."

ஜென்சி சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"எங்க, வாசிங்க பாக்கலாம்."

வாசித்தார்கள். அந்த வரி வந்தபோது மாதவின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்களை மூடிக்கொண்டு உச்சத்தில் பாடினான். மேலே அலமாரியில் பாத்திரங்கள் அதிர்ந்தன.

பாட்டு முடிந்தது.

"இவ்வளவு சந்தோஷமா நடக்கறவன் ஏன்டா இப்படிக் கத்தறான்?"

"சந்தோஷம் தாங்கலப்பா."

ஜென்சிக்கு இருமல் வந்தது.

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தார்கள். இந்தத் தடவை ஆனந்தகிருஷ்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்தார்.

"டீச்சர்கிட்ட நானே பேசிடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் ஜென்சி வெடித்துச் சிரித்தாள்.

"காட்டின வழியில சந்தோசமா நடக்கிறியோ? பொய்க்கும் ஒரு அளவில்லையே! பாவமடா உன்ர அப்பா."

"பாவமாவது! அவரே என் படிப்பை முடிவு பண்ணினப்ப, என்னைப் பாவம்னு யாராவது சொன்னாங்களா?"

தண்ணீர் எடுக்க மாதவ் மேலே போனான். கூடத்து ஜன்னல் ஓரம் திரும்பி நின்றபடி அப்பா போனில் ஆசிரியையோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"முதல் இரண்டு பாட்டும் சரி, மேடம். மூன்றாவதில் ஒரு பையன் தன் அப்பாமேல் கோபமாக இருக்கிறான். ‘நீ போட்ட கோட்டில் இனி நடக்க மாட்டேன், கதவைத் திற, இல்லையென்றால் உடைத்துக்கொண்டு போவேன்’ என்கிறான்."

மாதவ் அப்படியே நின்றுவிட்டான்.

"இல்லை மேடம், எடுத்துவிட வேண்டாம். தப்பான வார்த்தை ஒன்றும் இல்லை. அதை அவன் பாடத்தான் வேண்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்."

மாதவ் சத்தமில்லாமல் சமையலறைக்குள் நழுவினான்.

"அம்மா, அப்பாவுக்கு எப்படி ஜப்பான் மொழி...?"

அலமு அடுப்பைத் தணித்தாள்.

"சனிக்கிழமை காலையில பக்கத்து ஊர் புரோசார்டுக்குக் கிளம்பிப் போறாரே, எதுக்குன்னு நெனச்சே? அங்க ஒரு ஜப்பான் அம்மாகிட்டப் பாடம் கேக்கறார். ஒரு வருஷமாச்சு. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டார்."

"இந்த வயசுல எதுக்கும்மா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். ‘நம்ம பையன் வீட்டுல வாயைத் திறக்கறதே அந்த பாஷையிலதானே அலமு’ன்னார்."