பல் போன சக்கரம்

ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி ஒன்றுக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று இருந்தது. லாரி கல்லில் சிக்கினால், மோட்டார் கருகாமலிருக்க அது தன் பல்லை உடைத்துக்கொள்ளும். அன்றும் உடைத்துக்கொண்டது.

"சொத்தைப் பல்லா! உன்னாலதான் வண்டி நின்னுபோச்சு," என்று ஏசியது புது மோட்டார்.

"நான் உடையலைன்னா நீங்க எரிஞ்சிருப்பீங்க அண்ணே."

"போடா, நோஞ்சான்!"

ரிமோட்டைப் பிடித்திருந்த லாரிக்காரனும் அப்படித்தான் நினைத்தான். பிளாஸ்டிக்கைக் கழற்றி உடைசல் டப்பாவில் வீசிவிட்டு, இரும்புப் பல்சக்கரம் மாட்டினான்.

மறுநாளே லாரி மறுபடி கல்லில் சிக்கியது. இரும்பு உடையவில்லை. மோட்டார்தான் புகைந்து கருகியது. அதுவும் டப்பாவில் வந்து விழுந்தது.

"தம்பி..." என்று இழுத்தது.

பிளாஸ்டிக் சக்கரம் வாயைத் திறப்பதற்குள் வெளியே லாரிக்காரன் சொன்னான்: "மட்டமான மோட்டார். இதைவிடப் பெருசா ஒண்ணு போடணும்."