திரும்பி வருவது

கதிரேசன் தஞ்சாவூர்க்காரன். யாழ்ப்பாணத்து மனைவியை ஊருக்கு அழைத்துப்போக வந்திருந்தான். கேட்டிருந்தது சுற்றுலா விசா. விசா அலுவலகம் வரும்வரை என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தான்: பெரிய கோயில், மாமல்லபுரம், ஊட்டி. நிவேதினி மனப்பாடம் செய்துகொண்டாள். உள்ளே அவளை மட்டும் கூப்பிட்டார்கள். அவன் வாசலில் நிலைகொள்ளாமல் நடந்தான்.

“எங்கெல்லாம் சுத்திப் பார்ப்பீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

மனப்பாடம் செய்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது. “மாமியைத்தான் பாக்கோணும், இவற்ற அம்மாவை. ஏலாமல் படுக்கையில தனியக் கிடக்கிறா.”

“சரி. பாத்துட்டுத் திரும்பிடுவீங்களா?”

“அவ எழும்பி நடந்தா வந்திடுவன்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இப்படிச் சொன்னா நான் என்னம்மா எழுதுறது? மறுபடி கேக்குறேன். திரும்பிடுவீங்களா?”

ஆமென்று ஒரு சொல் சொன்னால் போதும். நிவேதினி வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை.