லாரிக் கயிறு

"ஊரே மரத்தை வெட்டுது. இந்த மனுஷன் மரத்துக்குக் கயிறு கட்டிக்கிட்டு நிக்கிறாரு, பாருங்க!"

சுப்புலட்சுமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

பக்கத்து வீட்டுப் பலா மரம் மதிலோரம் நின்றது. இந்தப் பக்கம் சாய்ந்தால் நேரே இவர்கள் வீட்டு ஓடுதான். விடிவதற்குள் புயல் கரையைக் கடக்கும் என்று டிவிக்காரர்கள் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த சோமசுந்தரம் நனைந்த சட்டையைக் கழற்றினார். "அவங்க மரம், அவங்க கயிறு. உனக்கென்ன?"

"விழுந்தா நம்ம தலை!"

2011-ல் வந்த 'தானே' புயலின்போது ஒரு வேப்ப மரம் ஓட்டைப் பொத்துக்கொண்டு தொட்டில் பக்கத்தில் வந்து விழுந்தது. அன்று தொட்டிலில் கிடந்த மகள் இன்று பத்தாவது படிக்கிறாள். புயல் என்றால் ஸ்கூல் லீவு என்று குதிக்கிறாள். அம்மாதான் இன்னும் அந்த ராத்திரியிலேயே இருந்தாள். கடலில் எங்கோ காற்றழுத்தத் தாழ்வு என்றாலே போதும், விடிய விடிய கொட்டக் கொட்ட விழித்திருப்பாள்.

வேலை பர்மனென்ட் ஆனதும் கான்கிரீட் போட்ட மெத்தை வீட்டுக்குப் போய்விடலாம் என்று சோமசுந்தரமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கான்ட்ராக்ட் கான்ட்ராக்டாகவே இருக்கிறது, வடக்குத்து கிராமத்து ஓட்டு வீடும் அப்படியே இருக்கிறது.

சுப்புலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மதிலோரம் போனாள்.

"தம்பி, மரத்தை வெட்டச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்? பலாப்பழம் அவ்வளவு இனிக்குதா?"

பக்கத்து வீட்டுச் சிங்காரவேல் மழையில் நனைந்தபடி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான். "உள்ள போயி படுங்கக்கா. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

"வெட்டியிருந்தா நான் ஏன் முழிச்சுக் கிடக்கப் போறேன்?"

அவன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான். சமையலறை வாசலில் நின்றிருந்த அவன் மனைவி மலர்விழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சுயநலம் பிடிச்சதுங்க" என்று காதில் விழும்படியே சொல்லிவிட்டு வந்தாள் சுப்புலட்சுமி.

விடியற்காலையில் 'மடமட'வென்று பெரிய சத்தம். மகளைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

தலைமேல் எதுவும் விழவில்லை.

வெளிச்சம் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். பலா மரம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து சிங்காரவேலின் சமையலறை மேல் கிடந்தது. கூரை ஷீட் நொறுங்கிப் போயிருந்தது. முன்னறையில் படுத்திருந்ததால் யாருக்கும் காயமில்லை.

அப்பாடா என்றிருந்தது. கூடவே, நல்லா வேணும் என்றும் இருந்தது. 'நான்தான் சொன்னேனே' என்று நாக்கில் தயாராக வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். சோமசுந்தரமும் பின்னாலேயே வந்தார்.

அவர் கண் கயிற்றின் மேல் போனது. மரத்திலிருந்து சிங்காரவேல் வீட்டுத் தூணுக்குத்தான் கயிறு போயிருந்தது.

"ராத்திரி காத்து எங்க வீட்டுப் பக்கமாத்தான தள்ளுச்சு? அப்போ கயிறு பிடிச்சு நிறுத்தியிருக்கு. விடியக்காலையில காத்து திரும்பினதும் இந்தப் பக்கம் சாஞ்சிடுச்சு. ஏன் தம்பி, மரம் பிழைக்கணும்னா ரெண்டு பக்கமும்ல கட்டியிருக்கணும்?"

சிங்காரவேல் மனைவியைப் பார்த்தான். நசுங்கிய பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மலர்விழி நிமிர்ந்தாள்.

"தானே புயல்ல எங்க அப்பா வூட்டு முந்திரி, பலா எல்லாம் ஒரே ராத்திரியில போயிடுச்சுக்கா. விழுந்த மரத்தடியில மொளச்சிருந்த கன்னு இது. எடுத்தாந்து வெச்சேன். இதை வெட்டணும்னு நெனச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். அதுக்காக நீங்க ராத்திரியெல்லாம் பயந்துகினு ஒக்காந்திருக்கறதையும் பாக்க முடியல."

"அதனால...?"

"எங்க அண்ணன் பண்ருட்டியில பழ லோடு கட்டுற லாரிக் கயிறு குடுத்துச்சு. இருந்தது அந்த ஒண்ணுதான். எந்தப் பக்கம் கட்டுறதுன்னு இவரு கேட்டாரு. நம்ம பக்கமா இழுத்துக் கட்டு, விழுந்தா நம்ம வூட்டு மேல விழட்டும், அக்கா நிம்மதியா தூங்கட்டும்னேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "தூங்கினீங்களாக்கா?"

சுப்புலட்சுமி மலர்விழியின் கையிலிருந்த பாத்திரங்களை வாங்கிக்கொண்டாள். "அடுப்பு கட்டுற வரைக்கும் சமையல் எங்க வீட்டுலதான்" என்றாள்.

சிங்காரவேல் வேரைக் குனிந்து பார்த்தான். "பாதி வேரு மண்ணுலதான் இருக்கு. கிளையக் கழிச்சுட்டு நிமித்தி நட்டா பொழச்சுக்கும். ஆனா இழுத்துக் கட்ட எதிர்ப்பக்கம் ஒரு தூணு வேணுமே..." என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

எதிர்ப்பக்கம் இருந்தது ஒரே வீடுதான்.

சுப்புலட்சுமி பாத்திரங்களைக் கீழே வைத்தாள். சேற்றில் கிடந்த கயிற்று முனையை எடுத்து மதிலைத் தாண்டித் தன் வீட்டுப் பக்கம் வீசினாள்.

"நம்ம வீட்டுத் தூண்ல கட்டுங்க தம்பி. கெட்டியாக் கட்டுங்க."