சாவி தராத சியாம் நானா

சாவியை நீட்டிய சியாம் நானா, மேசையில் கிடந்த தன் போன் அடித்ததும் கையை இழுத்துக்கொண்டார். வாசல் பக்கமாகப் போய் நின்று, "ஓம்... ஓம்... சரி" என்று மட்டும் பேசினார். திரும்பி வரும்போது சாவி அவருடைய சேர்ட் பொக்கெற்றுக்குள் போயிருந்தது.

"நானா, சாவி" என்று கையை நீட்டினான் நுஸ்கி.

அவனுக்கு நிற்க நேரமில்லை. வாப்பா இஸ்ஸதீனுக்கு விடியும்போதே நெஞ்சுவலி. புத்தளத்தில் பார்த்துவிட்டு உடனே சிலாபத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அம்புலன்ஸில் தங்கச்சி றைஸா மட்டும் ஏறிப் போனாள். கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த நுஸ்கி, கார் எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தான். மாம்புரியில் வெங்காயத் தோட்டத்தில் நின்ற றைஸாவின் புருஷன் ஹில்மிக்கும் போன் போட்டு, தான் கற்பிட்டியில் சியாம் நானாவின் வாடகைக் கார்க் கடையில் நிற்பதைச் சொல்லிவிட்டான். ஹில்மி இந்நேரம் சிலாபம் போகும் பஸ்ஸில் பாலாவி தாண்டியிருப்பான்.

"வாடகைக் கார எடுத்த உடனே ஓட்டிக்கிட்டுப் போகக் கூடாது தம்பி" என்றார் சியாம் நானா. "முதல்ல சுத்தி வர வீடியோ எடுங்க. கீறல், நெளிவு எல்லாம் அதுல விழோணும். இல்லாட்டி திருப்பித் தாற நேரம் அது உங்கட தலையில வரும்."

"எனக்கு உங்கள நம்பிக்கை நானா. வாப்பாக்குக் கடுமையாம்."

"என்னை நம்பினாலும் டயர நம்பாதீங்க."

நாலு டயருக்கும் முன்னால் குந்திக் குந்தி எழும்பினார். விரலை விட்டுத் தேய்மானம் பார்த்தார். டிக்கியைத் திறந்து ஸ்பெயார் வீலைத் தட்டினார். நுஸ்கி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, ஜக்கை எடுத்து வைத்துக் காரின் பின்பக்கத்தையே தூக்கிவிட்டார்.

"இப்ப என்னத்துக்கு இதத் தூக்குறீங்க?"

"ஜக் வேலை செய்யுதா எண்டு பாக்காமப் போய், நடு ரோட்டுல டயர் போனா என்ன செய்வீங்க?"

காரை இறக்கியதும் கடைக்குள் போய் ஒரு ஸ்டியரிங் கவரோடு வந்தார். போன் வைக்கிற ஹோல்டரும் கையில் இருந்தது.

"எனக்கு ஒண்டும் வேணாம் நானா!"

"போனக் கையில வெச்சுக்கிட்டு ஓடுறது பிழை. தாங்க, பொருந்துதா பாப்பம்."

நுஸ்கி கொடுத்தான். ஹோல்டர் தளர்வாக இருக்கிறது, வேறு பார்க்கிறேன் என்று உள்ளே போனவர் வெறுங்கையோடு வந்தார்.

"போன் எங்க?"

"சார்ஜ்ல போட்டிருக்கன்."

நுஸ்கிக்குத் தலை சூடேறியது. கடல்காற்று தெருப் புழுதியை வாரிக் கண்ணில் அடித்தது. சியாம் நானாவோ டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங் கவருக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் ஓட்டையைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தன.

"வாப்பா அங்க உசிருக்குப் போராடுறார். நீங்க இங்க கவர் விக்கிறீங்க!" நுஸ்கி கத்தியே விட்டான். "நீங்க ஒரு மனுஷனா நானா?"

சியாம் நானா நிமிரவே இல்லை. "இந்த ஒரு முடிச்சு மட்டும்தான் தம்பி" என்றார்.

மாம்புரிப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் பறந்து வந்து கடை முன்னால் நின்றது. பின்னாலிருந்து இறங்கியவன் ஹில்மி. தோட்டத்துச் சேறு காலில் அப்படியே காய்ந்திருந்தது.

"நீ இன்னும் போகல்லையா?" என்றான் நுஸ்கி.

ஹில்மி அவனைப் பார்க்காமல் சியாம் நானாவிடம் போனான். "பெரிய உதவி நானா. இவனத் தனியா ஓட விடாம வெச்சிருந்தீங்க."

சியாம் நானா இறங்கிச் சாவியை அவனிடம் கொடுத்தார். ஹில்மி டிரைவர் சீட்டில் ஏறினான்.

"இறங்கு மச்சான், நான் ஓட்டுறன்!" நுஸ்கி கதவைப் பிடித்து இழுத்தான். "நீ மெதுவா ஓட்டுவ, சுணங்கும்!"

ஹில்மி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான்.

"இனிச் சுணங்கினாப் பரவாயில்ல மச்சான்... வாப்பா மௌத்தாகிட்டார்."