பார்க்காத நர்ஸ்

"எங்கப்பாவை அந்த நர்ஸ் கண் திறந்துகூடப் பார்க்கிறதில்லைங்க" என்று தலைமை நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டாள் வெர்னா.

கனடாவின் ஹாலிஃபாக்ஸில் அன்று காலையிலிருந்தே கடல் மூடுபனி. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே துறைமுகமும் இல்லை, பாலமும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவே வெள்ளையில் மிதப்பதுபோல் இருந்தது. அப்பா கிளேட்டன் நினைவில்லாமல் படுத்திருந்தார், அவருக்காக மெஷின் மூச்சுவிட்டது. அந்தச் சத்தத்தில் வெர்னாவுக்குக் கண் சொக்கும். சொக்கினால் அப்பா சர்ச்சில் நின்று பாடிக்கொண்டிருப்பார். விழித்தால் மறுபடி கட்டில்.

நுரையீரல் தேறி வருகிறது, ஆனால் இந்த நிலைமையில் படுக்கைப்புண் வந்து சீழ் பிடித்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நர்ஸ் உடம்பைச் சோதித்து, புண் வரும் ஆபத்து எவ்வளவு என்று மார்க் போடுவது.

அந்த நர்ஸ் மோரின் சோதிக்கிற விதம்தான் வெர்னாவுக்கு வயிற்றெரிச்சல். போர்வையை விலக்குவாள், புறங்கையை அங்கங்கே வைப்பாள். அதோடு கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நின்றபடியே சொப்பனம் காண்கிற மாதிரி.

வெர்னாவுக்கு ஊர் நார்த் பிரஸ்டன். கறுப்பு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஊர். வெள்ளைக்காரர் முகத்தைத் திருப்பினால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். "நம்ம தோலைப் பார்க்கவே அவளுக்கு ஆகலைடா" என்று தம்பியிடம் போனில் பொருமினாள்.

தலைமை நர்ஸ் புகாரை ஏற்றுக்கொண்டாள். மோரினைப் பக்கத்து அறைக்கு மாற்றி, கெல்சி என்ற நர்ஸை அனுப்பினாள்.

கெல்சி தங்கமான பெண். நினைவில்லாத மனிதரிடம்கூடக் கேட்டுக்கொண்டுதான் புரட்டினாள். டார்ச் அடித்துத் தலை முதல் கால்வரை பார்த்தாள். எங்கேயும் சிவப்பே இல்லை, ஆபத்து முன்னைவிடக் கம்மி என்றாள். காலுக்கடியில் மோரின் வைத்திருந்த தலையணையை உருவி, நன்றாக நீட்டிப் படுக்கட்டும் என்று வைத்தாள். வெர்னாவுக்கு அப்பாடா என்றிருந்தது. நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள்.

மத்தியானம் விழித்தபோது வாசலில் மோரின் நின்றிருந்தாள். தலையணை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒருதரம் தொட்டுப் பார்க்கட்டுமாம்மா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மோரின் அப்பாவின் குதிகாலில் புறங்கையை வைத்துவிட்டாள். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வெர்னாவின் கையைப் பிடித்து முதலில் வலது குதிகாலில் வைத்தாள், அடுத்து இடது குதிகாலில்.

வலது சில்லென்றிருந்தது. இடது, அப்போதுதான் டீ ஊற்றிய கோப்பை மாதிரி சுட்டது.

வெர்னா குனிந்து உற்றுப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம். வித்தியாசம் துளிகூடத் தெரியவில்லை.

"பார்த்தா ஏமாந்துடுவோம்மா" என்றாள் மோரின். "எங்க தோல்னா புண்ணு வர்றதுக்கு முன்னாடி சிவக்கும். உங்கப்பா தோல்ல அது தெரியாது, தொட்டாத்தான் சூடு தெரியும். கண்ணு திறந்திருந்தா ஒண்ணுமில்லைன்னு நடுவுல புகுந்து சொல்லும். அதான் மூடிக்கிறேன்."

வெர்னா மறுபடி இடது குதிகாலைத் தொட்டாள். "புண்ணாயிடுச்சா?"

"இன்னும் இல்லை. தலையணையை வெச்சுக் குதிகாலைத் தூக்கிவிட்டா சரியாயிடும்."

வெர்னா தானே தலையணையை எடுத்து வைத்தாள். நேரே தலைமை நர்ஸின் மேஜைக்குப் போய் நின்றாள்.

"இப்போ என்னம்மா?" என்றாள் அவள் அலுப்போடு.

"எங்கப்பாவை வெறுமனே கண்ணால பார்த்துட்டுப் போற நர்ஸ் வேண்டாங்க."