பூண்டுக் கொட்டகையில் காட்டுமாடு

'புஸ்ஸ்ஸ்...'

இருட்டியதும் வீட்டை ஒட்டிய பூண்டுக் கொட்டகையில் மறுபடியும் அந்தச் சத்தம். ஸ்வேதா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். காட்டுமாடேதான்! கூக்கால் மலைக்காட்டில் அதற்கா பஞ்சம்?

எட்டு மாதக் குழந்தையைத் தோளில் அள்ளிக்கொண்டாள்.

துணைக்குப் புருஷன் இருக்கிறானா? இல்லை. ஒரு மாதமாக இதே கூத்துதான். சண்டையில் அவள் இரண்டாவது வார்த்தை பேசுவதற்குள் பழனிக்குமார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். இன்றைய சண்டை, வாங்கிப் பத்து நாளாகியும் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டாததற்கு.

முன்பெல்லாம் நின்று கத்தவாவது செய்வான்.

"உங்கப்பாவுக்கு என்னைய பிடிக்கல பாப்பா," என்று பிள்ளையிடமே முறையிட்டாள்.

'புஸ்ஸ்ஸ்...'

தாழில்லாத கதவை நம்பி எப்படி இருப்பது? வாசலில் நின்றபடியே டார்ச் அடித்தாள். திறந்து கிடந்த கொட்டகைக்குள் வெளிச்சம் விழுந்தது.

கொம்பைக் காணோம். சாக்கின் மேல் சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பழனிக்குமார்!

ஓடினாள். "ஏங்க, நீங்களா? காட்டுமாடுன்னு செத்துப் பொழச்சேன்!"

"இரு புள்ள, இன்னும் நாலு மூச்சு பாக்கி கெடக்கு."

"என்ன மூச்சு?"

"பாப்பா ஏன் என்னையக் கண்டாலே அழுகுதுன்னு தடுப்பூசி போட்ட நர்சம்மாகிட்டக் கேட்டேன். 'நீங்க கத்துறது பிள்ளை மூளைக்குள்ள பயமாப் பதியுது. கோவம் வந்தா எந்திரிச்சுப் போயி மெதுவா மூச்சு விடுங்க, உங்க மூளையும் வழிக்கு வரும்'னாங்க. இப்பப் பாரு..."

கையை நீட்டினான். குழந்தை சிரித்துக்கொண்டே அப்பனிடம் தாவியது.

ஸ்வேதாவுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணுக்கு டார்ச் வெளிச்சத்தில் ஏதோ மின்னியது. கொட்டகைக் கதவின் உள்பக்கம், புத்தம்புதுத் தாழ்ப்பாள்!

"வீட்டுக்கு வாங்குனத இங்கயா மாட்டுனீங்க?"

"மூச்சு விடுறப்ப நீ வந்து பேச்சுக் குடுத்துரக் கூடாதேன்னுதான். பாரு, இன்னைக்குப் போட மறந்துட்டேன்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அப்பன் தோளில் இருந்த குழந்தை, அவளைப் பார்த்து மெல்ல உதட்டைப் பிதுக்கியது.

வாயை மூடிக்கொண்டாள்.

"பாப்பாவத் தூக்கிட்டு வெரசா வீட்டுக்குப் போங்க. எனக்குக் கொஞ்சம் சோலி இருக்கு."

இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, அந்தப் புதுத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டுக்கொண்டாள்.